இணைய இதழுக்கு எந்த முகம்? மூன்று வடிவமைப்பு வழிகளின் ஒப்பீடு

அச்சில் வந்துகொண்டிருந்த ஒரு சிற்றிதழ் இணையத்துக்கு இடம் மாறும்போதும், பல ஆண்டுகளாக இயங்கிவரும் தளம் ஒன்றைப் புதுப்பிக்க நினைக்கும்போதும் ஆசிரியர் குழுவில் எழும் முதல் சர்ச்சை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. நம்மிடம் இருப்பது எழுத்து, அதை ஒழுங்காக ஏற்றினால் போதும் என்று ஒரு தரப்பு வாதிடும். படமும் அசைவும் இல்லாத பக்கத்தில் இன்றைய வாசகர் ஒரு நொடிகூட நிற்கமாட்டார் என்று மறு தரப்பு வாதிடும். இத்தகைய தளங்களை வடிவமைத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இரு தரப்பும் முன்வைக்கும் வழிகளையும், இரண்டுக்கும் நடுவே கவனிக்கப்படாமல் கிடக்கும் மூன்றாவது வழியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்படும் என்று கருதுகிறேன்.

ஒப்பீட்டுக்கு ஒரு தெளிவான சூழலை வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை வெளிவரும் இலக்கிய இதழ். ஒவ்வோர் இதழிலும் கட்டுரை, சிறுகதை, கவிதை, நூல் மதிப்புரை எனப் பத்துப் பன்னிரண்டு ஆக்கங்கள்; ஒரு கட்டுரை ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்கள். வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில், வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ யாரோ பகிர்ந்த இணைப்பைத் தொட்டு உள்ளே வருபவர்கள். சம்பளம் வாங்கும் ஓவியரோ புகைப்படக்காரரோ இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் பதிவேற்றும் ஒரு நண்பர் மட்டுமே தளத்தின் முழுநிர்வாகம்.

இவர்கள் முன் உள்ள வழிகள் மூன்று. முதலாவது, எவ்வித ஒப்பனையும் இல்லாத எழுத்துப் பக்கங்கள். இரண்டாவது, சந்தையில் கிடைக்கும் ‘மேகசின்’ வகை வேர்ட்பிரஸ் தீம் ஒன்றை, அதாவது வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளுக்கான தயார்நிலைத் தோற்ற வடிவம் ஒன்றை, வாங்கி, பெரிய முகப்புப் படம், ஸ்லைடர் எனப்படும் மாறிமாறிச் சுழலும் படவரிசை, படக்கட்டங்கள் ஆகியவற்றோடு தொடங்குவது. மூன்றாவது, படங்களை வெகுவாகக் குறைத்து, எழுத்துருவையும் வரியமைப்பையும் வெற்றிடத்தையுமே காட்சியாக ஆக்கிக்கொள்ளும் வடிவமைப்பு.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். உள்ளடக்கம் என்றால் எழுத்து, காட்சி என்றால் படம் என்ற பாகுபாடு எல்லாத் தளங்களுக்கும் பொருந்தாது. காஞ்சிபுரம் பட்டுப் புடவை விற்கும் தளத்துக்கு வருபவர் பார்க்க விரும்புவது கரையையும் முந்தானையையும் சரிகையின் நிறத்தையும்தான்; அங்கே படமே உள்ளடக்கம், அதன் கீழ் உள்ள இரண்டு வரி விளக்கம் துணை. இலக்கிய இதழில் நிலை நேர்மாறு. தனிமையைப் பற்றிய சிறுகதைக்கு மேலே, இலவசப் படக் களஞ்சியத்திலிருந்து எடுத்த, சன்னலோரம் அமர்ந்திருக்கும் ஐரோப்பியப் பெண்ணின் படம் கதைக்கு எதையும் கூட்டுவதில்லை. கதை நடக்கும் ஊரை வாசகர் மனத்தில் எழுப்புவதற்கு முன்பே வேறோர் ஊரை அங்கே நட்டுவிடுகிறது. எடுத்துவிட்டால் பக்கம் குறைபடுமா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வரும் படமே உள்ளடக்கம். இந்தச் சோதனையில் தேறும் படங்கள் ஓர் இலக்கிய இதழில் மிகக் குறைவு.

முதல் வழி: எழுத்து மட்டும்

இந்த வழிக்குத் தமிழில் மதிக்கத்தக்க முன்னோடி உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட, தமிழ் நூல்களை மின்னுரையாக இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் பக்கங்களில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆனால் தமிழ்க் கணினி உலகம் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் தனித்தனிக் குறியாக்கங்களிலிருந்து, டிஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தின் வழியாக, உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடுக்கு மாறியபோது, அந்த நூல்கள் உரையாக இருந்த காரணத்தாலேயே அவற்றையும் மாற்ற முடிந்தது. அதே காலத்தில் அசையும் முகப்புகளை ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்துகொண்ட தளங்களின் கதை வேறு: 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியதோடு அந்த முகப்புகள் திறக்க வழியற்றுப் போயின. கவிதையை அழகாகத் தட்டச்சுச் செய்து படமாக ஏற்றியவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. தேடுபொறிக்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அந்தக் கவிதை ஒரு வெற்றுச் சதுரம்.

எடைக் கணக்கும் இந்த வழிக்கே சாதகம். யூனிகோடு உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் செலவாகின்றன. ‘க்’ என்ற எழுத்து ‘க’, புள்ளி என்ற இரண்டு குறிகளால் ஆனது என்பதால் அதற்கு ஆறு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டாயிரம் சொல் கட்டுரை முழுவதும் ஏறக்குறைய 60 கிலோபைட்டில் அடங்கிவிடும். வழங்கி (சர்வர்) அதைச் சுருக்கி அனுப்பும்போது இன்னும் வெகுவாகக் குறையும். கைபேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரே ஒரு புகைப்படம் மூன்று மெகாபைட்டைத் தாண்டுவது சாதாரணம். அதாவது அந்த ஒரு படத்தின் இடத்தில் இப்படிப்பட்ட ஐம்பது கட்டுரைகளை வைக்கலாம்.

ஆனால் ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ நடுநிலை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்துருவை நீங்கள் குறிப்பிடாவிட்டால் வாசகரின் கருவி தன்னிடம் உள்ளதை எடுத்துக்கொள்ளும். பழைய விண்டோஸ் கணினியில் லதா, புதியதில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் அதற்குரிய வேறொன்று என ஒரே கட்டுரை ஒவ்வோர் இடத்திலும் வேறு முகத்தோடு நிற்கும். அகன்ற கணினித் திரையில் ஒரு வரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். வரி முடிந்து கண் இடப்பக்கம் திரும்பும்போது அடுத்த வரி எது என்று தடுமாறும். விக்கிப்பீடியா போன்ற, எழுத்தை மட்டுமே நம்பும் தளமே இதை உணர்ந்து 2023 சனவரியில் தன் ஆங்கிலப் பதிப்பில் வரியின் நீளத்துக்கு வரம்பு வைத்தது. பழகிய தோற்றம் போயிற்று என்று பலர் குறைபட்டுக்கொண்டபோதும் அதைக் கைவிடவில்லை. முதற்பார்வையின் வலிமையையும் புறக்கணிக்க இயலாது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்டும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வலைப்பக்கம் கவர்ச்சியானதா என்ற தீர்ப்பை மனிதர்கள் 50 மில்லிநொடிக்குள் அமைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. அவ்வளவு நேரத்தில் எவரும் ஒரு சொல்லையும் படித்திருக்க முடியாது.

இரண்டாம் வழி: தயார்நிலைத் தீம்

படத்தை முன்னிறுத்தும் தரப்பு சார்ந்து நிற்பது இந்த 50 மில்லிநொடியைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. தீம் ஒன்றை வாங்கினால் ஒரு வார இறுதியில் தளம் எழுந்து நின்றுவிடும். விளம்பரம் தர முன்வருபவரிடம் காட்டும்போது ‘தொழில்முறையாக இருக்கிறது’ என்ற எண்ணம் பிறக்கும். நிரல் தெரிந்தவர் யாரும் குழுவில் தேவையில்லை.

விலைக்கான பில் இரண்டாவது இதழிலிருந்து வரத் தொடங்கும். தீமின் மாதிரிப் பக்கத்தில் நீங்கள் பார்த்து மயங்கியது தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த படங்களை. அந்தப் படங்களை நீக்கினால் எஞ்சுவது வெறும் கட்டங்கள். அந்தக் கட்டங்களுக்கு மாதந்தோறும் பன்னிரண்டு படங்களால் தீனி போட வேண்டும். இரவில் பதிவேற்றும் நண்பர், கட்டுரையின் பிழை திருத்தத்துக்குச் செலவிட்டிருக்கக்கூடிய ஒரு மணி நேரத்தை ‘மழை’, ‘தனிமை’, ‘நூலகம்’ என்று படத் தேடலில் செலவிடுவார். படம் கிடைக்காத கவிதை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகும். உள்ளடக்கத்தின் வரிசையை வடிவமைப்பு தீர்மானிக்கத் தொடங்கும் இடம் இதுதான்.

ஸ்லைடரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆசிரியர் குழுவில் நால்வர் இருந்தால், நால்வரின் ஆக்கமும் முகப்பில் இருக்க வேண்டும் என்ற மனத்தாங்கலைத் தீர்க்கவே பெரும்பாலான ஸ்லைடர்கள் பிறக்கின்றன. அமெரிக்காவின் நோத்ர டேம் பல்கலைக்கழகத்தின் முகப்பு ஸ்லைடரை 2013இல் அளந்து பார்த்தபோது, வந்தவர்களில் சுமார் ஒரு விழுக்காட்டினரே அதைச் சொடுக்கியிருந்தார்கள். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் சொடுக்கியது முதல் படத்தை. பின்னால் சுழலும் மூன்று ஆக்கங்கள் வெளியிடப்பட்டும் வெளியிடப்படாதவை போலவே கிடக்கும்.

தமிழுக்கே உரிய இடர்கள் இதைவிட முக்கியமானவை, ஏனெனில் வாங்கும்போது அவை கண்ணில் படுவதில்லை. தீம்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலத் தலைப்பு இரண்டு வரிகளில் அடங்கும் கட்டத்தில், ‘பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் நீர்ப்பாசனக் குறிப்புகள்’ என்பது நான்கு வரிகளாகி, கட்டத்தை உடைத்துக்கொண்டு அடுத்த படத்தின்மேல் ஏறும். பெரிய தலைப்புகளுக்கு வரி உயரத்தை எழுத்தின் அளவில் 1.1 அல்லது 1.2 மடங்கு என்று வைப்பது ஆங்கிலத்தில் வழக்கம். தமிழில் அந்த அளவில் ‘கீ’யின் மேற்சுழி அறுபடும், ‘ழு’வின் அடிக்கோடு கீழ்வரியின் மெய்ப்புள்ளியோடு மோதும். முன்னோட்ட வரியை இத்தனை குறிகளோடு வெட்டு என்று எழுதப்பட்ட நிரல், எழுத்துக்கும் குறிக்கும் உள்ள வேறுபாட்டை அறியாது. ‘தமிழ்’ என்ற சொல்லின் கடைசிப் புள்ளியைத் துண்டித்து ‘தமிழ’ என்று முகப்பில் தொங்கவிடும். ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற பேரெழுத்து (கேபிடல்) தமிழில் கிடையாது என்பதால், தலைப்புகளை எல்லாம் பேரெழுத்தாக்கித் துணைத்தலைப்புகளிலிருந்து வேறுபடுத்தும் உத்தி வேலை செய்யாமல் போய், எல்லாம் ஒரே தரத்தில் நிற்கும்.

நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து நாகரிகமாகக் கருதப்படுகிறது. வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை நெறிகள், அதாவது பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க ஏதுவாக்கும் விதிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. தீம்களில் அடிக்கடி காணப்படும் #999999 என்ற சாம்பல் நிறம் வெள்ளையின்மேல் ஏறத்தாழ 2.85 மட்டுமே தருகிறது. #767676 என்ற அடர்ந்த சாம்பலுக்கு இறங்கினால்தான் வரம்பைத் தொடும். வெயிலில் பேருந்துக்குக் காத்திருந்தபடி படிப்பவருக்கு, வயல்வெளிப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் வைத்த தலைப்பு என்ன பாடுபடும் என்பதைக் கணக்கிடவே வேண்டாம்.

பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வைத்துள்ள அளவுகோல். அந்த முதன்மைப் பகுதி ஒரு பெரிய படமாக இருந்தால் அந்த நேரம் முழுவதும் படத்தை இறக்குவதிலேயே போகும். பத்தியாக இருந்தால் அது பெரும்பாலும் முதலிலேயே வந்து நிற்கும். படத்தின் அகல உயரங்களை நிரலில் குறிப்பிடாமல் விட்டால், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்கும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் வழி: எழுத்தையே காட்சியாக்குவது

எழுத்தாலான தளம் அழகற்றதாக இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்துக்கு எதிரான வலுவான சான்று பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம். 2012 அக்டோபரில் பழைய தளங்களுக்கு மாற்றாக அது திறக்கப்பட்டபோது முகப்பில் ஸ்லைடரோ பெரும்படமோ இல்லை. தெளிவான தலைப்புகளும் குறுகிய வாக்கியங்களும் மட்டுமே இருந்தன. மறு ஆண்டே லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அதற்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை வழங்கியது. அந்தத் தளம் பயன்படுத்தும் எழுத்துரு, பிரிட்டன் சாலைப் பலகைகளின் எழுத்திலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து படிப்பதற்காக உருவான எழுத்து, அவசரத்தில் படிவம் தேடி வரும் குடிமக்களுக்கும் ஒத்துவந்தது; தளத்தின் தோற்றமும் அந்த எழுத்தே ஆயிற்று.

தமிழில் இதற்கான பொருள்கள் இன்று கையில் இருக்கின்றன. நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கேட்டமரானில் ஒன்பது தடிமன்களும் முக்த மலரில் ஏழும் உள்ளன. தலைப்பு, துணைத்தலைப்பு, ஆசிரியர் பெயர், உடல்வரி ஆகியவற்றை ஒரே குடும்பத்துக்குள் வேறுபடுத்திக் காட்ட இது தாராளம். தேவநாகரியைப் போலப் பெருந்தொகையான கூட்டெழுத்துகள் தமிழில் இல்லாததால், சுருக்கப்பட்ட எழுத்துருக் கோப்பு சில பத்து கிலோபைட்டுகளிலேயே முடிந்துவிடும். ஒரு நடுத்தரப் படத்துக்கு ஆகும் டேட்டாவில் தளம் முழுமைக்குமான முகம் கிடைக்கிறது, அதுவும் உலாவியில் ஒருமுறை இறங்கினால் அடுத்தடுத்த பக்கங்களுக்கும் அதுவே உதவும்.

எழுத்துருவைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது வரியமைப்பு. உடல்வரிக்கு 18 அல்லது 19 பிக்சல், வரி உயரம் 1.7 மடங்கு என்பது நான் தொடங்கும் புள்ளி. மேற்சுழியும் கீழ்நீட்டமும் கொண்ட எழுத்துகள் அடர்ந்த நம் மொழிக்கு, அணுகல்தன்மை நெறிகள் பரிந்துரைக்கும் 1.5 சற்று நெருக்கமாகவே படுகிறது. கணினித் திரையில் வரிக்கு எட்டிலிருந்து பதினொரு சொற்கள் வரும்படி பத்தியின் அகலத்தைக் கட்டுப்படுத்தலாம். இருபுறமும் சமப்படுத்தும் வழக்கத்தை அச்சு இதழிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கைபேசியில் ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்களே அடங்கும். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போய்விட்டால், எஞ்சிய இரண்டு சொற்களையும் உலாவி இரு ஓரங்களுக்கு இழுத்துக் கட்டும், நடுவில் ஒரு பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்கி வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுவதே கண்ணுக்கு உகந்தது.

அழுத்தம் தருவதற்குச் சாய்வெழுத்தை நம்ப இயலாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது தனியாக வரையப்படவில்லை என்பதால் உலாவி நேரெழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. விளைவு தள்ளாடும் எழுத்து. மேற்கோள் பகுதிக்கு இடப்பக்கம் சிறிது உள்தள்ளலும் ஒரு மெல்லிய கோடும், நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறியும் போதும்.

கவிதைதான் உண்மையான தேர்வு. கவிஞர் ஒரே அடியாக எழுதியது கைபேசியில் இரண்டாக மடியும்போது, மடிந்த பகுதி தனி அடியாகத் தோன்றி அடியமைப்பைக் குலைத்துவிடும். மடிந்த பகுதியை மட்டும் இரண்டு எழுத்தளவு உள்ளே தள்ளி வைக்கும் சிறு விதி ஒன்றை நடைதாளில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில்) எழுதிவிட்டால், இது புதிய அடி அன்று, முந்தைய அடியின் தொடர்ச்சி என்பது வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். நல்ல அச்சகங்கள் பிறமொழிக் கவிதை நூல்களில் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான் இது. நான் பார்த்த தமிழ் தீம்கள் எதிலும் இல்லை.

படத்துக்கு இந்த வழியில் இடமே இல்லை என்று பொருளன்று. அதன் இடம் மாறுகிறது. நம் வாசகர் முதலில் பார்ப்பது இதழின் முகப்பை அன்று, வாட்ஸ்அப் குழுவில் இணைப்புக்கு மேலே தோன்றும் சிறு அட்டையை. 50 மில்லிநொடித் தீர்ப்பு வழங்கப்படுவது அங்கேதான். 1200க்கு 630 பிக்சல் என்ற வழக்கமான அளவில், இதழின் நிறத்தில், ஆக்கத்தின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் தெளிவான எழுத்தில் தாங்கிய அட்டை ஒன்று ஒவ்வோர் ஆக்கத்துக்கும் தானாக உருவாகும்படி செய்துவிட்டால், படத் தேடல் தேவையே இல்லை. காட்சிக்கான உழைப்பை வாசகர் இன்னும் உள்ளே வராத இடத்தில் செலவிட்டு, உள்ளே வந்த பிறகு எழுத்தின் வழியிலிருந்து விலகிக்கொள்வது எனக்கு முறையான பங்கீடாகப் படுகிறது. இதழ் ஒன்றுக்கு ஓர் ஓவியரிடம் ஓர் அட்டை ஓவியம் கேட்டு வாங்க முடிந்தால் முகப்பும் நிறைந்துவிடும்.

குறைகளும் உண்டு. இதைச் செய்பவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ‘கூ’வின் வால் அறுபட்டிருப்பதைத் தமிழறியாத வடிவமைப்பாளர் எவ்வளவு திறமைசாலியாயினும் கவனிக்கமாட்டார். தொடக்கச் செலவு தீமின் விலையைவிடக் கூடுதல். அரைகுறையாகச் செய்தால் முதல் வழியின் வறட்சியே மிஞ்சும்.

தேர்வும் வரிசையும்

மேற்சொன்ன இதழுக்கு நான் மூன்றாவதைத்தான் பரிந்துரைப்பேன். பணமோ ஆளோ இல்லையென்றால் முதலாவதிலிருந்து தொடங்கி, எழுத்துரு, அளவு, வரி உயரம், பத்தி அகலம், நிறம் ஆகிய ஐந்தை மட்டும் தீர்மானிக்கும் பத்து வரி நடைதாளைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் வழியின் பெரும்பகுதிப் பயன் அதிலேயே கிடைத்துவிடும். பயணக் கட்டுரை, புகைப்படத் தொகுப்பு, சிறுவர் இதழ் ஆகியவற்றுக்கு இரண்டாவது பொருந்தும், ஏனெனில் அங்கே படம் எடுத்துவிடக்கூடிய ஒப்பனை அன்று.

இந்தப் பரிந்துரைக்கு இன்னொரு காரணம், வழிகளுக்கு இடையே மாறுவது எவ்வளவு எளிது என்பது. 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் சென் கார்டன் என்ற தளம், பக்கத்தின் உரையைத் தாங்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பை வைத்துக்கொண்டு நடைதாளை மட்டும் மாற்றினால் எத்தனை முகங்கள் வரும் என்பதைப் பல நாட்டு வடிவமைப்பாளர்களின் கைகளால் காட்டியது. தலைப்பு தலைப்பாகவும் பத்தி பத்தியாகவும் குறிக்கப்பட்ட கட்டுரைக்கு எந்த ஆடையையும் எப்போதும் உடுத்தலாம். முதல் வழியிலிருந்து மூன்றாவதுக்குப் போவது இதனால் எளிது. இரண்டாம் வழியில் அப்படி அன்று. இழுத்து வைத்துப் பக்கம் கட்ட உதவும் பிளக்இன்கள் (துணைநிரல்கள்) பல தம் குறியீடுகளைக் கட்டுரையின் நடுவிலேயே எழுதி வைக்கின்றன. பிளக்இன்னை நீக்கும் நாளில் ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் சதுர அடைப்புக்குறிகளுக்குள் புரியாத குறிகள் சிதறிக் கிடக்கும், அவற்றைக் கையால் பொறுக்க வேண்டியிருக்கும். ஐந்தாண்டு இதழ்கள் என்றால் அது யாராலும் முடிகிற வேலை அன்று.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், பணம் கொடுக்கும் முன் வடிவமைப்பாளரிடம் உங்கள் உரையையே கொடுத்து ஒரு மாதிரிப் பக்கம் கேளுங்கள். இதுவரை நீங்கள் வெளியிட்டவற்றில் மிக நீளமான தலைப்பு, படமே இல்லாத ஒரு மதிப்புரை, நீண்ட அடிகள் கொண்ட ஒரு கவிதை, அடிக்குறிப்புகள் நிறைந்த ஓர் ஆய்வுக்கட்டுரை ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். குழுவில் இருப்பதிலேயே மலிவான கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, வெளியில் நின்று அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.